செஞ்சிக் குன்றுகளுக்கு நடுவே சைக்கிளில்

செஞ்சிப் பக்கம் சைக்கிளில் வருகிறவர்கள் வரைபடத்தில் மலைகளைப் பார்த்துவிட்டு, பெரிய ஏற்றங்களை எதிர்பார்த்து வருகிறார்கள். இங்கே சாலைகள் மலைமேல் ஏறுவதில்லை. யாரோ கொட்டிக் குவித்ததுபோலக் கிடக்கும் கருங்கல் குன்றுகளுக்கு நடுவே, ஏரிக்கரைகளை ஒட்டி வளைந்து வளைந்து போகின்றன. ஏறி இறங்குவதெல்லாம் மெல்லிய மேடுகள்தான். பெடல் பக்கத்துச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 அல்லது 32 பல் இருந்தால் எந்த இடத்திலும் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. உண்மையான ஏற்றம் படிக்கட்டுகளில் இருக்கிறது. ராஜகிரிக் கோட்டை மட்டுமே சுமார் 800 அடி. சிங்கவரம், திருநாதர்குன்று, பனமலை என்று பார்க்க வேண்டியவற்றில் பாதி குன்றின்மேல் இருக்கின்றன. அதனால் திட்டம் போடும்போது கிலோமீட்டரைப் போலவே படிகளையும் கணக்கில் சேருங்கள். 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே நாளில் ராஜகிரி ஏறினால், இறங்கும்போது முழங்கால் நடுங்கும்.

தங்குவதற்குச் செஞ்சி ஊரே வசதி. ரயிலில் வந்தால் திண்டிவனத்தில் இறங்கி 28 கிலோமீட்டர். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலை அது. பேருந்தும் லாரியும் ஒன்றையொன்று முந்தும் சாலை, விடியற்காலையில் மட்டும் ஓட்டலாம். மற்ற நேரமெல்லாம் கிராமச் சாலைகள் போதும், அவைதான் நல்ல சாலைகளும்கூட.

முதல் நாளுக்குத் தெற்குச் சுற்று: செஞ்சி, மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை, மறுபடி செஞ்சி. கிளைச்சாலைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 70 முதல் 80 கிலோமீட்டர் வரும். காலை 5.30-க்குக் கிளம்பிவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஏரிப் பக்கம் பனி இறங்கி நிற்கும், பின்விளக்கு கட்டாயம். அந்த மாதங்களில் வெயில் ஏற ஏற வடகிழக்குக் காற்று கிளம்பும். பனமலையிலிருந்து திரும்பும் கடைசிப் பகுதி அந்தக் காற்றுக்கு நேர் எதிரே. காலையிலேயே கிளம்பச் சொல்வதற்கு வெயிலைவிட இதுதான் பெரிய காரணம். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது சுற்றைத் தலைகீழாக்கி, பனமலையை முதலில் முடித்துவிடுவது நல்லது.

விழுப்புரம் சாலையில் தெற்கே போனால் மண்டகப்பட்டு. சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரே பாறையில் குடைந்த கோயில். வடக்குப் பார்த்தது, அதனால் காலையில் வெளிச்சம் சீராக இருக்கும், கண் கூசாது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை ஆக்கியதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவனே சொல்கிறான், தன்னை விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொண்டு. மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக இருக்கின்றன. இரு ஓரத்திலும் நிற்கும் வாயிற்காவலர்களைத்தான் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். தென்னாட்டில் இத்தனை பழைய, இத்தனை பெரிய துவாரபாலகர்கள் அரிது.

தளவானூர் அங்கிருந்து சில கிலோமீட்டர், கிளைச்சாலையில். இதுவும் மகேந்திரவர்மன் காலம்தான், பெயர் சத்ருமல்லேஸ்வராலயம். தெற்குப் பார்த்த முகப்பில் தூண்களுக்கு மேலே மகர தோரணம் செதுக்கியிருக்கிறார்கள். மண்டகப்பட்டின் கனத்த, அலங்காரமில்லாத தூண்களைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால், ஒரே அரசனின் காலத்துக்குள் உளியின் கை எவ்வளவு பழகிவிட்டது என்று தெரியும். இந்த இரண்டையும் ஒரே காலையில் பார்க்கச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் எனக்குத் தெரியவில்லை. நடந்தால் தூரம், காரில் போனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனம் மாறுவதற்குள் வந்துவிடும்.

குடைவரைகளுக்குக் கதவு இருக்கும், காவலாளி ஊருக்குள் இருக்கலாம். விசாரித்தால் வந்து திறப்பார். பாறையில் நடக்க வேண்டியிருப்பதால் காலணி விஷயத்தில் கவனம் வேண்டும். காலணியைப் பெடலோடு பூட்டும் தகடான கிளீட்டில், மூன்று திருகாணி வைத்த ரோடு கிளீட் கருங்கல்லில் வழுக்கும், தேயவும் தேயும். அடிப்பாகத்துக்குள் அமுங்கிய இரண்டு திருகாணிக் கிளீட் இருந்தால் சிரமமில்லை. அதுவும் இல்லையென்றால் மெல்லிய ரப்பர் செருப்பு ஒன்றைச் சீட்டுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு பாறையில் நிற்க முடியாது.

பனமலை மேற்கே, ஏரிக்கரையில் இருக்கிறது. சிறிய குன்றின்மேல் தாளகிரீஸ்வரர் கோயில், ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. குடைவதிலிருந்து கல்லை அடுக்கிக் கட்டுவதற்கு வந்துவிட்ட காலம். வடபக்கத்துச் சிறு சன்னதியின் சுவரில் பார்வதியின் ஓவியம் இருக்கிறது: தலைக்குமேல் குடை, சற்றே மடக்கிய ஒரு கால், சாய்ந்த முகம். எதிரே ஆடும் சிவன் பெரும்பகுதி அழிந்துவிட்டார். ஃபிளாஷ் போடாதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். 1300 ஆண்டுகளாக மிஞ்சியிருக்கும் நிறம் அது.

இனி இந்தச் சாலைகளில் எது கெடும், ஏன் கெடும் என்று பார்ப்போம்.

முதல் எதிரி சீமைக் கருவேல முள். ஏரிக்கரையெங்கும் அது வளர்ந்திருக்கிறது. வேலி அடைக்கவும் விறகுக்கும் வெட்டி இழுத்துப்போகும்போது முள் சாலையோரம் சிந்தும். எதிரே வண்டி வரும்போது மண்ணில் இறங்கி வழிவிட்டால் அங்கேதான் குத்தும். முடிந்தவரை தார் விளிம்புக்குள்ளேயே இருங்கள், நிறுத்தும்போது சைக்கிளைத் தூக்கி வையுங்கள், புதர்மேல் சாய்க்காதீர்கள். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், 32 இருந்தால் நிம்மதி. 70 கிலோ எடையுள்ளவருக்கு 32 டயரில் 55 முதல் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் என்றால் டயருக்கு 40 முதல் 50 மில்லிலிட்டர் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

ட்யூப் போட்டவர்களுக்கு: கருவேல முள்ளின் நுனி டயருக்குள் முறிந்து தங்கிவிடும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் நூறு அடி தாண்டுவதற்குள் மறுபடி பஞ்சர். டயரில் எழுதியிருக்கும் பெயர் எப்போதும் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டிவையுங்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரில் தேடலாம். உள்பக்கம் விரலை மெதுவாக இரு திசையிலும் ஓட்டுங்கள், ஒரு திசையில் மட்டும் தட்டுப்படும் முள் உண்டு. ஊக்கோ சிறு இடுக்கியோ வைத்திருந்தால் வெளியிலிருந்து தள்ளி எடுத்துவிடலாம். ட்யூப் இரண்டும் ஒட்டுகளும் கையிலேயே இருக்க வேண்டும். கிராமத்துச் சைக்கிள் கடையில் ரோடு பைக் ட்யூப் கிடைக்காது. பஞ்சர் கடையில் காற்று கிடைக்கும், ஆனால் அந்த முனை மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. மெல்லிய பிரெஸ்டா வால்வு வைத்திருப்பவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், எடையே இல்லாத பொருள்.

இரண்டாவது, அறுவடை. தை, மாசியில் நெல்லும் உளுந்தும் சாலையிலேயே காயும். கேழ்வரகுக் கதிரை வண்டிச் சக்கரம் ஏறி உதிர்க்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். பருவத்துக்கு மல்லாட்டையும் (நிலக்கடலை) கிடக்கும். வைக்கோல் மேல் மிதித்துக்கொண்டே போனால், தண்டு, பின்பக்கம் கியர் மாற்றும் டெரெய்லரின் சிறு சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். அப்போதும் பலமாக மிதித்தால் டெரெய்லர் சக்கரக் கம்பிகளுக்குள் இழுக்கப்பட்டு, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளையும், சமயத்தில் உடையும். வைக்கோலைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்துங்கள். சிக்கிவிட்டால் இறங்கி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி கையால் உருவுங்கள். உங்கள் சைக்கிளுக்குரிய ஹேங்கர் ஒன்று உபரியாக இருக்கட்டும், அது வண்டிக்கு வண்டி மாறும், வேறெதுவும் பொருந்தாது. நெல்மணிமேல் ஓட்டவே கூடாது. டயர் வழுக்கும் என்பதோடு, அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக ஒரு நிமிடம் ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பி அழகாக இருக்கும், தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும். கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். பாசி படிந்த சிமெண்டில் டயர் பிடிக்காது. நீர் வடிந்த பிறகும் பாசி இருக்கும், அங்கே பிரேக் பிடிக்காமல், ஹாண்டில் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். கரும்பு வெட்டும் காலத்தில் இரட்டை டிரெய்லர் கட்டிய டிராக்டர்கள் பின்விளக்கில்லாமல் வரும். மாலை இருட்டுவதற்குள் ஊர் சேர்வது நல்லது. ஊர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வண்ணம் அடிக்காத வேகத்தடை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 750 மில்லிலிட்டர் பாட்டில் இரண்டு. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், ஒன்றில் உப்பும் எலுமிச்சையும் கலந்துகொள்ளலாம். மாசிக்குப் பிறகு சாலையோரத்தில் கம்பங்கூழும் மோரும் நுங்கும் கிடைக்கும், கூழைவிட நல்ல வழித்தீனி வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 9 மணிக்குள் முடிக்க முடியாத சுற்றுக்குக் கிளம்பவே வேண்டாம்.

இரண்டாம் நாள் கோட்டைக்கும் வடக்குச் சிறு சுற்றுக்கும். செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் சமணர்களின் 24 தீர்த்தங்கரர்கள் இரு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கேதான். காலைச் சாய்வு வெயிலில்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். அடுத்து சிங்கவரம், படியேறினால் பாறைக்குள் பள்ளிகொண்ட அரங்கநாதர். மேலச்சேரிக் குடைவரையில் இலிங்கத்தையும் தாய்ப்பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான்.

பிறகு கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டை இது. சிவாஜி 1677-இல் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளேயிருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவைப் பாலத்தால் கடக்கும்போது, அந்த முற்றுகை ஏன் எட்டு ஆண்டு நீண்டது என்று புரிந்துவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் ராஜகிரி ஏற விடுவதில்லை, அதனால் கோட்டையைத் திறந்ததும் ராஜகிரியை முடித்து, கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் பிறகு பாருங்கள். குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும். சைக்கிளில் மாட்டிய பையில் தின்பண்டம் வைக்காதீர்கள். ஹெல்மெட்டையும் விளக்கையும் கழற்றி எடுத்துக்கொண்டு, சைக்கிளை நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தருகே பூட்டுங்கள்.

இன்னொரு காலை கையில் இருந்தால் கிழக்கே மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர், பார்சுவநாதர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. வல்லம் வழியாகக் கிராமச் சாலையில் போய், அப்படியே திண்டிவனம் சென்று ரயில் பிடித்துவிடலாம். நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டிய அவசியமும் இருக்காது.