கூப்பிடும் பெயரும் பத்திரத்துப் பெயரும்

“கொள்ளுத்தாத்தா பேரு அப்பாவு” என்று வீடே ஒரே குரலில் சொல்லும். ஊர்ப் பட்டாவிலும் பத்திரத்திலும் அப்பாவு என்று ஒருவர் இருக்கமாட்டார். முத்துசாமி என்று ஒருவர் இருப்பார், அவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிறுவுவதற்குள் பலர் வம்சாவளித் தேடலையே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

இந்தச் சிக்கலின் வேர் பெயர் வைக்கும் முறையிலேயே இருக்கிறது. மூத்த பேரனுக்குத் தந்தை வழித் தாத்தாவின் பெயர். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆக, பெற்ற தாயே பிள்ளையை அவன் பெயரால் கூப்பிட முடியாது. ராசா, துரை, தம்பி, அப்பு, ஐயா என்று எதையாவது சொல்லிக் கூப்பிடுவாள், தெருவும் அதையே பிடித்துக்கொள்ளும். அறுபது வயதில் அவருடைய அசல் பெயர் தெரிந்தவர்கள் கணக்குப்பிள்ளையும் பத்திர எழுத்தரும்தான்.

ஆகவே யாரைக் கேட்கிறோம் என்பது முக்கியம். மருமகளைக் கேட்டால் “பெரியவர்” என்பார். மனைவியைக் கேட்டால் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி “அவங்க அப்பா” என்பார். அந்த வீட்டில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளையோ, மைத்துனர் வழி ஆட்களையோ கேளுங்கள், அவர்களுக்கு அந்தத் தடை குறைவு. கேள்வியையும் உடைத்துக் கேட்க வேண்டும். “பேர் என்ன?” என்றால் கூப்பிடும் பெயர்தான் வரும். பத்திரத்தில் என்ன, பள்ளிக்கூடத்தில் என்ன, கல்யாணப் பத்திரிகையில் என்ன போட்டார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொரு சுருக்குவழி: “பேரப்பிள்ளைகளில் யாருக்குத் தாத்தா பேர்?” சொல்லக்கூடாத பெயர் அங்கே சுலபமாக வெளியே வரும்.

உறவுமுறைச் சொல்லே பெயராகிப்போவது இதைவிட மோசம். கூட்டுக் குடும்பத்தில் சித்தப்பாக்கள் எல்லோரும் “அண்ணா” என்று கூப்பிடுவதைக் கேட்டு வளரும் பிள்ளையும் தன் அப்பாவை “அண்ணா” என்றே கூப்பிடும். இரண்டு தலைமுறை கழித்து வம்ச மரம் வரைகிறவர் “அண்ணா” என்பவரை அப்பாவின் தமையன் என்று எழுதிவிடுவார், ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும். ‘பெரிய’, ‘சின்ன’ அடைகளிலும் கவனம் தேவை. சின்னசாமி என்றால் பெரியசாமிக்குத் தம்பி என்று கட்டாயமில்லை, பங்காளி வீட்டுப் பெரியசாமியிடமிருந்து பிரித்துச் சொல்ல வந்ததாகவும் இருக்கலாம்.

பட்டப்பெயர் என்று ஒதுக்கப்படும் சில பெயர்கள் உண்மையில் பதிவுப்பெயர்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் கேலிக்கு வைத்தவை அல்ல. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போனால், எமனுக்கும் கண்ணேறுக்கும் தப்ப அடுத்ததற்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். இந்தப் பெயரைக் கண்டால் அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளைத் தேடுங்கள். போதும்பொண்ணு, வேண்டாம் என்றிருந்தால் மேலே அக்காக்கள் இருக்கிறார்கள், மரத்தில் அவர்களுக்கு இடம் விட்டு வையுங்கள். பிறப்புப் பதிவேட்டிலோ பல பிள்ளைகளுக்குப் பெயரே இருக்காது, வெறும் ஆண் அல்லது பெண் என்றுதான் இருக்கும். பதிவு நடந்தபோது பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள், பிறகு யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. அங்கே பிள்ளையின் பெயரைத் தேடாமல் தாய் தந்தை பெயரையும் தேதியையும் வைத்துத் தேட வேண்டும்.

ஆவணம் என்றால் பலரும் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். என் கணக்கில் முதலில் திறக்க வேண்டியது பரணில் கிடக்கும் மொய் நோட்டு. மொய் திரும்பச் செய்யவேண்டிய கடன் என்பதால் எழுதுகிறவர் ஆளை அடையாளம் தெரிகிற மாதிரி எழுதியாக வேண்டும். ஊர், தெரு, தொழில், பட்டப்பெயர், தகப்பன் பெயர் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும்: “கீழத்தெரு மிளகாய்க்கடை அப்பாவு, த/பெ இராமசாமி” என்பதுபோல. இரண்டு கல்யாணத்து நோட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் பட்டப்பெயரும் மற்றதில் அசல் பெயரும் ஒரே தெரு, ஒரே தகப்பன் பெயரோடு நிற்கும். பழைய கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடுத்தபடி.

அடுத்து பத்திரங்கள். “முத்துசாமி என்கிற அப்பாவு” என்று ஒரு வரி அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. பின்னால் வழக்கு வரக்கூடாது என்று பத்திர எழுத்தர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள். பாகப்பிரிவினைப் பத்திரமும் உயிலும் இதற்கு மற்றவற்றைவிட நல்லவை. அண்ணன் தம்பிகள் எல்லோரும் வரிசையாக வருவார்கள், சில வீடுகளில் பெண்களும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அட்டவணை 1 ஆட்களின் பெயர் வழி, அட்டவணை 2 சொத்தின் வழி. புதிதாகத் தேடுகிறவர்கள் முதலாவதில் தலையைக் கொடுத்து, பட்டப்பெயரைத் தேடி, ஒன்றும் இல்லை என்று திரும்புகிறார்கள். இரண்டாவதில் தேடுங்கள். ஆளுக்கு நான்கு பெயர் இருக்கலாம், வயலுக்கு சர்வே எண் ஒன்றுதான். அந்த எண்ணில் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று வரிசைப்படுத்தினால், அப்பாவு இருக்கவேண்டிய இடத்தில் முத்துசாமி உட்கார்ந்திருப்பது தெரியும். இணையத்தில் வில்லங்கச் சான்று பல அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது, அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேட வேண்டும். உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்த சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இன்றுள்ள அலுவலகமாக இருக்க வேண்டியதில்லை. மறுநில அளவையிலும் உட்பிரிவிலும் எண்கள் மாறியிருக்கும், பழைய எண்ணைக் கிராமத்து நிலங்களை எண்வாரியாகக் காட்டும் ‘அ’ பதிவேட்டில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பட்டாவில் ஒருவர் பெயரோடு ‘வகையறா’ என்று முடிந்தால் பங்காளிகள் மொத்தமும் அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள்.

நகரத்தார் குடும்பங்களுக்கு இந்தப் பாடு கொஞ்சம் குறைவு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்த விலாசம் இருக்கிறது, கல்யாணம் ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயிலில் பதிவாகிறது. ஆனால் சுவீகாரம் போனவருக்கு முதலெழுத்தும் மாறிவிடும். அங்கே இரண்டு தகப்பன்மாரையும் குறித்து வைக்க வேண்டும்.

தாத்தா பெயரே பேரனுக்கும் வருவதால் இன்னொரு வலை உண்டு. தமிழ் ஆண்டுச் சுற்று 60 வருஷம், அது ஏறக்குறைய இரண்டு தலைமுறை. ஜாதக நோட்டில் “துன்மதி வருஷம் முத்துசாமி ஜனனம்” என்றிருந்தால் அது 1861-ஆ, 1921-ஆ? தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில், ஒரே பெயருள்ள ஆண்டில் பிறந்திருக்க இடமுண்டு. கிழமையும் நட்சத்திரமும் திதியும் சேர்ந்து கொடுத்திருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள், இரண்டு சுற்றிலும் மூன்றும் பொருந்துவது அரிது. தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டை ஒன்று கூட்டவும் மறக்க வேண்டாம். இந்த இடத்தில் பட்டப்பெயர் உதவிக்கே வரும். முத்துசாமிகள் இருவர், அப்பாவு ஒருவர்தான்.

குறித்து வைக்கும்போது ஒரு பெயரைச் ‘சரி’ என்று வைத்து மற்றதை அழிக்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனி வரி: பெயர், யார் அப்படிக் கூப்பிட்டது, எந்த ஊரில், எந்த ஆவணம், எந்த ஆண்டு. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒருவருக்குப் பல பெயர்களை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றோடு ஏற்றலாம். தகப்பன் பெயர், மனைவி பெயர், சர்வே எண், வீடு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் இரண்டு ஆட்களை ஒன்றாக்காதீர்கள். தகப்பன் பெயர் மட்டும் ஒத்துப்போவது போதாது, ஒவ்வொரு தெருவிலும் ஒரு இராமசாமி மகன் இருந்தார்.

கடல் கடந்தவர்களைத் தேடுகிறவர்களுக்கு: 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன கப்பல்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. மொரிஷியஸ் பதிவுகள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. குமாஸ்தா கேட்ட கேள்விக்கு வந்தவர் தன்னைக் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார், அது எழுதுகிறவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கும். ஊரில் ‘முத்துசாமி’ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், கப்பலில் அவர் அப்பாவுவாகப் போயிருப்பார். அதனால் தகப்பன் பெயரையும் கிராமத்தையும் வைத்துப் பட்டியலில் ஆளைப் பிடியுங்கள். பிடித்ததும் அவருக்குக் கொடுத்த குடியேற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் பெயர் எத்தனை விதமாக மாறினாலும், பிற்காலப் பதிவுகள் பலவற்றில் அந்த எண் கூடவே வரும்.