பல் முளைக்கும் முன்பே

தங்கை மகளுக்குப் பதினோரு மாதம் நிறைந்தும் ஒரு பல்கூட வெளிவரவில்லை என்பதால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவள் வீட்டுக்கு வருவோர் எல்லாரும் ஆளுக்கொரு கால்சியம் டானிக்கைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "உங்க அப்பனுக்கும் ஒரு வயசு தாண்டித்தான் பல்லு மொளச்சுது" என்று எங்கள் ஆயா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என்னைக் கேட்டால், சொல்லப்பட்டவற்றுள் அறிவியலுக்கு ஒத்தது அது ஒன்றுதான்.

பற்கள் முளைக்கும் காலம், அளவு, வடிவம் ஆகியவற்றில் மரபணுக்களின் கை ஓங்கியிருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பற்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முளைப்பது அதனால்தான். எம்.எஸ்.எக்ஸ்.1, பி.ஏ.எக்ஸ்.9 போன்ற மரபணுக்களில் பிழை நேர்ந்தால் சில நிலைப்பற்கள் உருவாகாமலேயே போவதும் உண்டு.

உணவின் பங்கு வேறு இடத்தில், பலரும் எண்ணுவதைவிட வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பாற்பற்களில் சுண்ணாம்புச் சத்து படிவது தாய் வயிற்றில் நான்காம் மாதவாக்கில். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லுக்கோ பிறப்பையொட்டி. மேல் நடு முன்பற்களுக்குப் பிறந்த மூன்று, நான்கு மாதங்களில். பல்லின் மேல் கடினமான உறையாக இருக்கும் எனாமலைச் சுரக்கும் செல்கள் பல் வெளிவரும்போது அழிந்துவிடுவதால், ஒருமுறை குறையோடு உருவான எனாமலைப் பிறகு எந்த டானிக்காலும் திரும்ப வளர்க்க இயலாது.

எங்கள் அத்தையின் பேரனுக்கு எட்டு வயது. அவனுடைய மேல் முன்பற்கள் இரண்டிலும், ஒரே மட்டத்தில், நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு குறுக்குப் பள்ளம் ஓடுகிறது. பரம்பரைக் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் எல்லாப் பற்களும் பாதிக்கப்பட்டிருக்கும். இப்படி ஒரே மட்டத்தில் விழும் கோடு, அந்தப் பகுதி உருவான காலத்தில் குழந்தையின் உடல் நலிந்திருந்ததைக் காட்டுவது. அவனுடைய இரண்டாம் வயதில் வயிற்றுப்போக்கு நீண்ட நாள் நீடித்து, எடை வெகுவாகக் குறைந்ததை அத்தை இன்றும் சொல்வார்.

ஆகவே, தங்கை வீட்டில் உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது ஐந்து மாதக் கர்ப்பிணியான அவளுடைய ஓரகத்தியைக் குறித்துத்தான் என்பது என் கருத்து. கடலூர் முதுநகரில் கிடைக்கும் நெத்தி மீனை முள்ளோடு உண்ணலாம் என்பதால் கால்சியம் தாராளமாகச் சேரும். மத்தி மீனில் வைட்டமின் டி உண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் சத்துமாவு டப்பாவின் விலைக்கு இவை மூன்றையும் வாங்கி மீதிச் சில்லறையும் பெறலாம்.

பல் தாமதமாவதை எப்போதும் பரம்பரை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வைட்டமின் டி குறைவால் எலும்பு வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ் நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவையும் பல் முளைப்பதைத் தள்ளிப்போடும். முதல் பிறந்தநாளையொட்டி எப்படியும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் காட்டுவதென்று தங்கையும் முடிவு செய்திருக்கிறாள். அதுவரை டானிக் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.