எடையில் தெரியாத வேர்கள்

நீலகிரியின் சோலைக்காடுகளிலும் அவற்றை ஒட்டிய புல்வெளிகளிலும் மண்ணுக்கடியில் எவ்வளவு வேர் இருக்கிறது என்று அளப்பதே என் முதல் பணி. இரும்புக் குழாயை அடித்து இறக்கி எடுத்த மண்ணைச் சல்லடையில் இட்டு, தண்ணீர் விட்டு அலசி, எஞ்சிய வேர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம். வெளுத்து, இழுத்தால் துவண்டு வருவது உயிர்வேர். கறுத்து, தொட்டதும் முறிவது செத்த வேர். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுண்வேர்களைத் தனியே பிரித்து உலர்த்தி எடை போட்டால், அன்றைக்கு அங்கே இருக்கும் நுண்வேர்களின் உயிர்த்திரள் கிடைத்துவிடும்.

அந்த எடை கூடினால் வேர் வளர்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வளரவில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒருமுறை சோலைக்குள் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளின் எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், 'வளர்ச்சி இல்லை' என்று ஏட்டில் எழுதினேன். அதே இடத்தில், வேர் நீக்கிய மண்ணை நிரப்பிப் புதைத்திருந்த நைலான் வலைப்பையை மூத்த ஆய்வாளர் தோண்டி எடுத்து என் கையில் வைத்தார். வலைக்கண்கள்தோறும் வெள்ளை வேர்கள் நுழைந்து மண்ணைப் பின்னிப் பிடித்திருந்தன. "கிணத்துல நிக்கிற தண்ணிய அளந்தா ஊத்து எவ்வளவுன்னு தெரியுமா, தம்பி?" என்றார். புதுவேர் விட்ட அளவுக்குப் பழையவை செத்துக்கொண்டிருந்தன. அதனால்தான் எடை அசையவில்லை.

உலகளவில் பார்த்தாலும் இதே நிலைதான். 1996-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, வெப்பமண்டலப் பசுமைமாறாக் காட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ வேர் உண்டு. மிதவெப்பப் புல்வெளியில் 1.4 கிலோ, துருவத்தை ஒட்டிய தூந்திரத்தில் 1.2 கிலோ. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், குளிர்நிலத்து வேர் மெல்ல வளர்ந்து நெடுநாள் வாழ்வதால், அங்கே எடைக்கு ஏற்ற வளர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. 2000-இல் வந்த மற்றொரு தொகுப்பு, ஆண்டுதோறும் புல்வெளி நுண்வேர்களில் ஏறக்குறைய 53 சதவீதமும் காட்டு நுண்வேர்களில் 56 சதவீதமும் புதுப்பிக்கப்படுவதாகவும், தடித்த வேர்களையும் சேர்த்து மரத்தின் மொத்த வேரை எடுத்துக்கொண்டால் அது 10 சதவீதமே என்றும் கணக்கிட்டது. காட்டு வேர்களின் எடையில் பெரும்பங்கு தடித்த வேர்களுடையது, வளர்ச்சியில் பெரும்பங்கோ நுண்வேர்களுடையது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

வலைப்பையும் குறையற்றதல்ல, அதைப் புதைக்கும்போதே சுற்றியுள்ள வேர்கள் அறுபடுகின்றன, வெற்று மண்ணில் வேர் ஓடும் வேகமும் இயல்பானதல்ல. ஆகவே மண்ணில் இருக்கும் வேரின் எடை, வலைப்பைக்குள் வளர்ந்த வேரின் எடை இரண்டையும் அருகருகே அளக்கிறேன். 'வளர்ச்சி இல்லை' என்ற அந்த வரியை நான் அடிக்கவில்லை. அதன் ஓரத்தில் அன்றைய வலைப்பை வேரின் எடையைக் குறித்து வைத்திருக்கிறேன்.