டிரெய்லரை லித்தியத்துக்கு மாற்றுகிறேன்: இதுவரை முடிந்தவை

தங்கிப் பயணிக்கும் என் டிரெய்லரின் பழைய லெட் ஆசிட் பேட்டரி இறங்கிவிட்டது. அதற்குப் பதிலாக 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு உட்கார்ந்திருக்கின்றன, கூரையில் 200 வாட் சோலார் பேனல் இரண்டு. இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) சார்ஜ் ஏற்றும் பகுதி மட்டும் பாக்கி. மொத்த வேலையில் பேட்டரியை மாற்றியதுதான் சுலபமான பகுதி. நேரமெல்லாம் வயரிலும் ஃபியூஸிலும்தான் போனது. அங்கேதான் போகவும் வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

எதையும் வாங்குவதற்கு முன் செலவுக் கணக்குப் போட்டேன். கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ் 45 வாட். பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 540 வாட்-ஹவர். ஃபேன் 160, விளக்குகள் 50, போனும் லேப்டாப்பும் சேர்த்து 150. தண்ணீர் பம்ப் கணக்கில் சேர்க்கவே தேவையில்லாத அளவு. மொத்தம் 900 வாட்-ஹவர், அதாவது சுமார் 70 ஏஎச். இந்தக் கணக்கில் பலர் தவறவிடுவது இன்வெர்ட்டரின் சும்மா இருக்கும் செலவு. எதையும் சொருகாமல் ஆன் செய்து வைத்தாலே என்னுடையது 10 வாட் குடிக்கிறது. 24 மணி நேரத்துக்கு 240 வாட்-ஹவர், ஃபேனைவிட அதிகம்! அதனால் இன்வெர்ட்டருக்குக் கைக்கெட்டும் இடத்தில் தனி ரிமோட் சுவிட்ச் வைத்துவிட்டேன். போன், லேப்டாப் எல்லாம் நேராக 12 வோல்ட்டிலேயே சார்ஜ் ஆகின்றன.

லெட் ஆசிட்டில் 100 ஏஎச் என்றால் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். இரண்டில் 160 ஏஎச், ஏறக்குறைய 2,000 வாட்-ஹவர். வெயிலே வராவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். எடையும் குறைவு: பழையது ஒன்றே 30 கிலோவை ஒட்டி இருந்தது, புதியவை ஒவ்வொன்றும் 12 கிலோ பக்கம்தான்.

எடை குறைவதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய பேட்டரி முன்பக்க இழுவைக் கம்பியின் மேல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, புதியவற்றை முன் இருக்கைக்குக் கீழே வைத்ததில், ஹிட்ச்சின் (வண்டியோடு டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் இறங்கும் பாரம் குறைந்தது. அந்தப் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். மறுபடி எடை போட்டுப் பார்த்து, டூல் பாக்ஸை முன்னால் நகர்த்திச் சரிசெய்தேன். பேட்டரியை உள்ளே வைத்ததற்குக் காரணம் குளிர். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த செல்களை சார்ஜ் செய்தால், உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் அந்த நேரத்தில் சார்ஜை நிறுத்திவிடும் என்றாலும், உள்ளே இருந்தால் அந்த நிலைமையே அரிதாகத்தான் வரும்.

இரண்டையும் பேரலலில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணைக்கும் முன், தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றி வோல்டேஜ் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுத்தேன். இப்படிக் குறுக்காக எடுத்தால்தான் இரண்டும் சமமாக உழைக்கும்.

இப்போது ஃபியூஸ். இந்த பேட்டரியின் உள் மின்தடை மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். சாதாரண ஃபியூஸின் கம்பி உருகினாலும் நடுவில் தீப்பொறி வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் 20,000 ஆம்பியரைக்கூட அறுத்து நிறுத்தும்படி செய்யப்பட்டது. 1,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 90 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும் என்பதால் 125 ஆம்பியர் ஃபியூஸும் 35 சதுர மி.மீ. கேபிளும் போட்டேன். பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் வரை ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஃபியூஸுக்கு முந்தைய அந்தத் துண்டுக்கு வேறு பாதுகாப்பே கிடையாது. இதில் காசு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது; அந்த இருக்கைக்கு மேலேதான் ஆட்கள் தூங்குகிறார்கள்.

கேபிள் முனையில் மாட்டும் செம்பு வளையமான லக் அடிப்பதை நிதானமாகச் செய்தேன். கேபிளின் ரப்பரை லக்கின் குழாய் ஆழத்துக்குச் சரியாக உரித்து, ஒரு இழைகூட வெளியே நிற்காமல் உள்ளே செலுத்தி, அறுகோண அச்சு வைத்த ஹைட்ராலிக் கிரிம்பரில் (லக்கை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கருவி) அழுத்தினேன். பிறகு லக்கை வைஸில் பிடித்து, கேபிளை முழு பலத்துடன் இழுத்துப் பார்த்த பின்தான் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி மூடும் உறை). முதலில் அடித்த லக் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். இழைகள் எல்லாம் ஒட்டி, இடைவெளியே இல்லாத ஒரே செம்புக் கட்டியாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு மற்ற லக்குகளிலும் நம்பிக்கை வந்தது.

பேனல்களை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போடுவதா, பேரலலிலா என்று நிறைய யோசித்தேன். நான் பெரும்பாலும் மரத்தடியில்தான் நிறுத்துவேன். ஒரு பேனல்மேல் நிழல் விழுந்தாலும் மற்றது பாதிக்கப்படக் கூடாது என்று பேரலலைத் தேர்ந்தேன். விலையாகக் கொடுத்தது தடிமனான வயர்: 20 வோல்ட்டில் 20 ஆம்பியர், போக வர 12 மீட்டர். ஏற்கெனவே இருந்த 4 சதுர மி.மீ. வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 10 சதுர மி.மீ. போட்டதில் 0.4 வோல்ட் பக்கம்தான். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்று போக இடைவெளி விட்டிருக்கிறேன். பேனல் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். பேனல் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் 30 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலரில் 14.2 வோல்ட்டுக்கு சார்ஜ், நிறைந்த பின் பிடித்து வைக்கும் ஃப்ளோட் 13.5-க்கு, லெட் ஆசிட்டுக்கான அதிக வோல்டேஜ் சார்ஜான ஈக்வலைஸ் அறவே ஆஃப். இணைக்கும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று அறிய வோல்ட் மீட்டர் இனி உதவாது. 70 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் வித்தியாசம் 0.1, 0.2 வோல்ட் அளவில்தான் இருக்கும். அதனால் உள்ளே வரும், வெளியே போகும் மின்சாரத்தை அளக்கும் ஷன்ட்டை நெகட்டிவ் பக்கம் வைத்தேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஷன்ட்டுக்கு ஒரே ஒரு கேபிள். மற்ற எல்லா நெகட்டிவும் ஷன்ட்டின் மறுபக்கம். ஒரு சின்ன வயர் தப்பி நேராக பேட்டரிக்குப் போனாலும் கணக்கு பொய்யாகிவிடும். பழைய வயரிங்கில் சேஸிஸுக்கு (டிரெய்லரின் இரும்புச் சட்டம்) போன எர்த்தும் அப்படித்தான் நேராக இருந்தது, அதையும் மாற்றினேன்.

இந்த மாற்றத்தில் அதிகம் பேசப்படாதது பிரேக்அவே சுவிட்ச். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால், இந்த சுவிட்சில் சொருகியிருக்கும் பின் (pin) பிடுங்கப்பட்டு எலக்ட்ரிக் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். அதற்கான மின்சாரம் டிரெய்லர் பேட்டரியிலிருந்தே வருகிறது. சார்ஜ் தீர்ந்தோ வேறு காரணத்தாலோ பிஎம்எஸ் வெளியேற்றத்தைத் துண்டித்திருந்தால் பிரேக் வேலை செய்யாது. பிரேக்குக்கு மட்டும் சின்ன லெட் ஆசிட் பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்து, அந்தப் பின்னைப் பிடுங்கி, சக்கரம் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டேன்.

பாக்கி இருப்பது டிசி-டிசி சார்ஜர், அதாவது வண்டியின் மின்சாரத்தை அளவோடு டிரெய்லர் பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி. காலியான லித்தியம் கிடைத்ததையெல்லாம் இழுக்கும். வண்டியின் ஆல்டர்னேட்டரை நேராக இணைத்தால், அது நீண்ட நேரம் முழு லோடில் ஓடிச் சூடேறிக் கருகலாம். நடுவே 20 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் அதற்கு மேல் போகாது. மெல்லிய வயரில் குறையும் வோல்டேஜையும் அது ஏற்றிக் கொடுத்துவிடும். முன்பக்கத்திலிருந்து இருக்கைவரை கேபிள் இழுத்து வைத்தாயிற்று. இரு முனைக்கும் ஃபியூஸ் ஹோல்டர் பொருத்திவிட்டு, இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் சூட்டை அளந்து அடுத்த பதிவில் எழுதுகிறேன்.