அக்கா சிரிச்சா உங்களுக்கு என்ன?
போன கிழம ஒரு நாடகம் வாசிச்சு முடிச்சன், ரெண்டு நாளா வேற ஒண்டும் மண்டைக்குள்ள ஏறல்ல. பீட்டர் நிக்கல்ஸ் எழுதின 'எ டே இன் த டெத் ஆஃப் ஜோ எக்', 1967ல கிளாஸ்கோவில முதல் மேடையேறினது. கதையில தகப்பன் பிரையன் ஒரு வாத்தியார், தாய் ஷீலா, பத்து வயசு ஜோ. ஜோவுக்கு நடையில்ல, பேச்சில்ல, வலிப்பு வேற. நாடகம் எழுதினவருக்கும் இப்பிடி ஒரு மகள் இருந்தவ. தாயும் தகப்பனும் அந்தப் புள்ளைக்கு தாங்களே குரல் குடுத்துப் பேசுறாங்க, டொக்டர்மார் சொன்னத நடிச்சுக் காட்டி பகிடி விடுறாங்க.

எனக்கு உடன மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில இருக்கிற அக்காட நினைவுதான். அவட மகனுக்கு ஒம்பது வயசு, கதிரையில பழைய சீலத்துண்டால கட்டித்தான் இருத்துற. ஒருநாள் பருக்கின கஞ்சிய அப்பிடியே அக்காட மூஞ்சியில துப்பிட்டான், அக்கா அவன்ட குரல்ல "உப்புக் கூடிட்டு அம்மா" எண்டா, அத்தான் குசினிக்குள்ள இருந்து "அப்ப துரைக்கு கொத்து ரொட்டி வாங்கவா" எண்டார், நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சம், அந்த நேரம் பாத்து அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரப் பொம்புள ஒராள் "இப்பிடி ஒரு புள்ளய வச்சிட்டு என்ன சிரிப்பு" எண்டு கேட்டுட்டா. அண்டைக்கு ராவு முழுக்க அக்கா பேசல்ல. எனக்கு இப்பவும் ஆத்திரம் வருது. நடுச்சாமத்தில எழும்பி அந்தப் புள்ளட வாய் நுரைய ஒருநாளாவது துடைச்சிருக்காவா அவ?

நாடகத்தில முதல் பாதி முடியக்குள்ள ஜோ கயிறடிச்சுக்கொண்டு துள்ளி வருவா, ஷீலாட மனசுக்குள்ள ஓடுற ஆசை அது. அந்த இடத்தில புத்தகத்த மூடி வச்சிட்டன். அக்காவும் ஒருக்கா சொன்னவ, கனவில இவன் கல்லடிப் பாலத்தில ஓடி வந்தானாம், செருப்பு இல்லாம வாறானே எண்டுதான் ஏசினாவாம்.

பிறகு பிரையன் புள்ளய குளிருக்க வெளிய விடுறான், கடைசியில வீட்ட விட்டே போறான். அவன என்னால மன்னிக்க ஏலாது, ஆனா ரெண்டு மணித்தியாலம் புள்ளயப் பாக்க ஆளில்லாம எத்தின வருசம் இருந்திருப்பாங்க எண்டும் யோசிச்சன்.

சனிக்கிழமை நான் ஆரையம்பதிக்குப் போறன், அக்காவும் அத்தானும் கடக்கரைக்குப் போயிட்டு வரட்டும். பருக்கிற விதம் அக்கா காட்டித் தந்திருக்கா, தலைய கொஞ்சம் முன்னுக்குச் சரிச்சுப் பிடிக்கோணும், கரண்டி நுனியில கொஞ்சமா எடுக்கோணும், அவன் முழுங்கினத தொண்டையில பாத்திட்டுத்தான் அடுத்த வாய்.