கிளினிக்கை மூடிவிட்டுப் பட்டாளத்துக்கு: வீட்டில் இருப்பவர்களுக்கு

நான்கு ஆண்டு ஒப்பந்தச் சிப்பாயான அக்னிவீர் ஆக வேண்டுமென்றால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ராணுவத்தின் மருத்துவப் பிரிவான ஆர்மி மெடிக்கல் கோரில் டாக்டர்கள் குறுகிய காலத்துக்கு அதிகாரியாகச் சேரும் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கு அந்தத் தடை இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்தவர் 30 வயதுக்குள்ளும் பட்டமேற்படிப்பு முடித்தவர் 35 வயதுக்குள்ளும் விண்ணப்பிக்கலாம். அதனால் டாக்டர் வீடுகளில் பட்டாளத்தில் சேரும் பேச்சு கைக்குழந்தையும் வீட்டுக்கடனும் வந்த பிறகுதான் கிளம்புகிறது. கணவர் அப்படிச் சேர்ந்த ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். மனைவி சேர்ந்தாலும் கணக்கு இதேதான்.

முதலில் வருவது கோபம். "அப்ளிகேஷன் போட்ட பிறகுதானே என்கிட்ட சொன்னீங்க?" பயமெல்லாம் அதற்கப்புறம். விண்ணப்பம், டெல்லியில் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, சேரச் சொல்லும் கடிதம் என்று மாதங்கள் ஓடும். உடல் எடை கூடுதலாக இருப்பது, காதில் குறும்பி அடைத்திருப்பது போன்ற சில்லறைக் காரணங்களுக்குக்கூட மறுபரிசோதனை என்று இழுக்கலாம். கடிதம் கைக்கு வரும்வரை வேலையை ராஜினாமா செய்வதோ, வாடகை வீட்டைக் காலி செய்வதோ, பிள்ளைக்குப் பள்ளி மாற்றுவதோ வேண்டாம். அரசு வேலையில் இருப்பவர் தடையின்மைச் சான்றுக்கு (என்.ஓ.சி.) முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது தாமதமாகிக் கைக்கு வந்த வாய்ப்பு நழுவுவது உண்டு.

மாமியாரைச் சமாளிக்க எல்லோரும் சொல்லும் பொய் ஒன்று உண்டு: "டாக்டர்தானேம்மா, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருப்பான்." தயவுசெய்து சொல்லாதீர்கள். புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் ஒரு படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியாகத்தான் போவார். பிரிவு லடாக் போனால் அவரும் லடாக். முதல் போஸ்டிங்கிலேயே அந்தப் பொய் உடைந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் மாமியார் நம்ப மாட்டார். உள்ளதைச் சொல்வதே மேல். 9,000 அடிக்கு மேல் போகிறவர்களை எடுத்தவுடன் வேலைக்கு விடுவதில்லை. முதல் கட்டமாக ஆறு நாள், 12,000 அடி தாண்டினால் இன்னொரு நான்கு நாள், 15,000 தாண்டினால் மேலும் நான்கு நாள் உடலைப் பழக்கிய பிறகுதான் மேலே அனுப்புவார்கள். இந்த மாதிரி விவரம் ஒரு தாய்க்குத் தரும் தெம்பு, வெறும் ஆறுதல் வார்த்தையில் கிடைப்பதில்லை.

பணக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். கேப்டனாகச் சேரும்போது அடிப்படைச் சம்பளம் 61,300 ரூபாய். அதில் 20 சதவீதம், அதாவது 12,260 ரூபாய், தனியாகத் தொழில் செய்யாததற்கான படி. ராணுவப் பணிக்கான படி 15,500. ஆக 89,060, அகவிலைப்படியும் மற்றவையும் இதற்கு மேல். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சாயங்கால கிளினிக்கை மூடியாக வேண்டும், அந்த வருமானத்தை நம்பி எடுத்த கடன் மட்டும் மூடாது. சம்பளம் புனேயில் உள்ள கணக்கு அலுவலகத்திலிருந்து வருகிறது. அந்த அலுவலகத்தில் அவருக்குக் கணக்கு எண் உருவாகி முதல் சம்பளம் வர நாளாகலாம். மூன்று மாதச் செலவுக்கும் தவணைக்கும் பணம் ஒதுக்கி வைத்தால் சண்டை பாதி குறையும்.

"அஞ்சு வருஷந்தானே" என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் 5 ஆண்டு; விரும்பினால் 5, பிறகு 4 என நீட்டித்து மொத்தம் 14 ஆண்டு வரை இருக்கலாம். 14 ஆண்டு இருந்தாலும் ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை மட்டும்தான். ஊரில் "மிலிட்டரி பென்ஷன் வருமே" என்பவர்களுக்கு இதைப் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கும். 5 ஆண்டு முடித்து வெளியே வருபவருக்கு ராணுவ மருத்துவ நிறுவனங்களில் பட்டமேற்படிப்புக்கு முன்னுரிமை உண்டு. பல டாக்டர்கள் மனதில் வைத்திருக்கும் உண்மையான காரணம் இதுதான். அதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தேசபக்தியைப் பற்றி வீணாக வாதாட வேண்டியதில்லை.

லக்னோவில் அடிப்படைப் பயிற்சி நடக்கும்போது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அடுத்தது எல்லைப் பக்கம் போகும் ஃபீல்டு போஸ்டிங் என்றால் அங்கேயும் முடியாது. குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊரான பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால்தான் குவார்ட்டர்ஸ், அதற்கும் வரிசை இருக்கும். ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. ஆனால் தீபாவளிக்கு லீவு என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், ரயில் ஏறிய பிறகு சொல்லுங்கள். மனைவி தமிழக அரசுப் பணியில் இருந்தால் அவர் வேறு மாநிலத்துக்கு மாற்றல் வாங்க முடியாது. சேர்ந்து வாழ்வதா, வேலையா என்ற கேள்வி அந்த வீட்டுக்கு நிச்சயம் வரும். அதை விண்ணப்பத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இனி காகிதம். நம் ஊர் ஆட்களை அதிகம் படுத்துவது இனிஷியல்தான். ராணுவப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கட்டம் இருக்கும். அப்பா பெயரின் முதல் எழுத்தை எங்கே போடுவது? ஆதாரில் 'எஸ்.', சான்றிதழில் பெயருக்குப் பின்னால் எஸ், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். கல்யாணமும் குழந்தை பிறப்பும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற பதிவில் ஏறினால்தான் சார்ந்தோர் அட்டை, மருத்துவம், கேண்டீன் எல்லாம். ஓர் எழுத்து வேறுபட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். எனவே ஆதார், பான், வங்கிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் பெயரைச் சேர்வதற்கு முன்பே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். கோயிலில் தாலி கட்டிய ரசீது போதாது. சார்பதிவாளர் அலுவலகத் திருமணச் சான்று வேண்டும். இருவரும் சேர்ந்து எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் ஒரு டஜன் போட்டு வையுங்கள்.

ஜம்மு காஷ்மீர், லடாக் என்றால் நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, கிளம்பும் முன் போஸ்ட்பெய்டாக மாற்ற வேண்டும். முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. யூனிட் பெயர், '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய எண், 9இல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான். தனியார் கூரியர் அங்கே போகாது, தபால் நிலையத்தில்தான் அனுப்ப வேண்டும். பார்சல் போய்ச் சேர நாளாகும். முறுக்கு தாங்கும், அதிரசம் தாங்காது.