கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மாலி நாட்டுக் கிதார் கலைஞர் அலி ஃபர்கா தூரேயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிராமி விருதில்தான் தொடங்குகிறார்கள். எழுபதுகளில் அவர் பமாக்கோ நகரில், ரேடியோ மாலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்தார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். நானும் வானொலி ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை.

அதற்கு முன்பே அவர் நிறைய வேலை பார்த்திருந்தார். 1939இல் நைஜர் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தாய்க்குப் பத்தாவது மகன். குழந்தைப் பருவத்தைத் தாண்டிப் பிழைத்த முதல் பிள்ளை. பள்ளிக்கூடம் போனதில்லை. விவசாயம், வண்டி ஓட்டுவது, ஆற்றில் நோயாளிகளை ஏற்றிச்செல்லும் படகு என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். மாலியில் பாட்டு, கிரியோ என்னும் பாணர் குலத்தாரின் பரம்பரைத் தொழில். அலி அந்தக் குலத்தவர் அல்லர். வீட்டில் இசைக்கு ஆதரவும் இல்லை. ஒற்றைத் தந்தி வாத்தியத்தைத் தானாகவே வாசித்துப் பழகினார். 1956இல் கினியா நாட்டுக் கலைஞர் ஃபோதேபா கெய்தாவின் நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு கிதார் மீது ஆசை வந்தது. 1968இல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் நடந்த இளைஞர் விழாவுக்குப் போனபோதுதான் சொந்தமாக ஒரு கிதார் வாங்கினார்.

பிறகு வானொலி. கூடத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வேலையே அடுத்தவர் வாசிப்பதைக் கேட்பதுதான். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார், எந்தத் தந்தி லேசாக இறங்கியிருக்கிறது, மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தால் கூடத்தின் ஓசையும் சேர்ந்து விழுமா என்று நாள் முழுக்க இதே நினைப்பு. வருடக்கணக்கில் இப்படிக் கேட்டால் ஒரு பாட்டில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது காதுக்குத் தெரிந்துவிடும். அலியின் வாசிப்பில் வேண்டாதது எதுவும் எனக்குக் கேட்டதில்லை. கட்டைவிரல் கீழ்த் தந்தியில் தம்புரா போல ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் ஆள்காட்டி விரல் சின்னதொரு சங்கதியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு முறையும் துளி மாற்றி. நடுவில் விடுகிற இடைவெளிகளில் அவசரமே இருக்காது. பதிவுக் கூடத்தில் இருந்த காலமும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் தன் பாட்டைப் பதிவுசெய்த நாடாக்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே இசைத்தட்டுகள் வந்தன. 1987இல் லண்டனின் வேர்ல்ட் சர்க்யூட் நிறுவனம் அவருடைய ஆல்பத்தை வெளியிட்டது. அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருடன் செய்த 'டாக்கிங் டிம்பக்டு' 1994இல் வந்து கிராமி வாங்கியது. உலகம் கூப்பிட்ட நேரத்தில் அவர் நியாஃபுங்கே ஊருக்குத் திரும்பி நெல் வயலையும் பாசனத்தையும் பார்க்கப் போய்விட்டார். தன்னை முதலில் விவசாயி என்றுதான் சொல்லிக்கொள்வார்.

அடுத்த ஆல்பம் வேண்டுமென்றால் பதிவுக் கருவிகள் அவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. போயின. ஊரில் கைவிடப்பட்ட ஒரு செங்கல் கட்டடம், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், வயல் வேலை முடிந்தால்தான் பதிவு. 1999இல் ஊர்ப் பெயரிலேயே வந்த அந்த ஆல்பத்தை விருது வாங்கியதற்கு மேலாகவே வைப்பேன். சத்தம் புகாத கூடம், நேரத்துக்கு வரும் கலைஞர், முன்கூட்டியே போட்ட அட்டவணை ஆகியவை இல்லாமல் நல்ல பதிவு கிடையாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். பதிவாளர் போய்ச் சேரவேண்டிய இடமும் ஒன்று உண்டு என்பதை இந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான் உணர்ந்தேன்.

2004இல் நியாஃபுங்கேயின் மேயரானார். சாலைக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் ஊருக்கு விளக்கெரிக்கும் ஜெனரேட்டருக்கும் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். அதே காலத்தில் பமாக்கோவில், ஆற்றங்கரையில் உள்ள ஓட்டல் மாந்தேயில், கோரா என்னும் யாழ் போன்ற வாத்தியத்தின் கலைஞர் தூமானி ஜபாத்தேயுடன் உட்கார்ந்தார். ஒத்திகை இல்லை, தலா இரண்டு மணி நேரமாக மூன்று அமர்வுகள். 2005இல் வெளிவந்த 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்' அப்படிப் பிறந்தது. பாணர் குலத்தில் பிறந்தவரும் பிறக்காதவரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிப்பதைக் கேட்கும்போது, ஒலிப்பதிவாளர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார் என்று தோன்றும். அந்த ஆல்பத்துக்கும் கிராமி கிடைத்தது. அதற்கு அடுத்த மாதம், 2006 மார்ச்சில், எலும்புப் புற்றுநோயால் அலி காலமானார்.

தன் மகன் வியூ இசைக்கு வரக்கூடாது, ராணுவத்தில் சேரவேண்டும் என்றுதான் முதலில் நின்றார். இந்தத் தொழிலில் தான் பட்டதைப் பிள்ளையும் படவேண்டாம் என்ற கவலை. மகன் ஒளித்து ஒளித்துப் பழகி, பமாக்கோ கலைக் கல்லூரியிலும் சேர்ந்தார். பிறகு அலி மனம் இறங்கினார். நோயோடு இருந்த நாட்களில் மகனின் முதல் ஆல்பத்துக்குத் தானே கிதார் வாசித்தார்.